எல்லை தாண்டும் பூஸ்ட்: ஒரு ஆக்டேவியாவில் காரணம் தேடிய அனுபவம்

டர்போ வண்டியில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் அமுக்கி அனுப்பும் காற்றின் அழுத்தம், குறைந்தால் சொந்தக்காரர் உடனே பட்டறைக்கு வந்துவிடுவார். இழுவை இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது என்பார். பூஸ்ட் கூடினால் யாரும் அப்படி வருவதில்லை. முதல் சில வாரம் சந்தோஷமாகவே இருக்கும். "முன்னைக்கு இப்பொ நல்லாப் பறக்குது" என்பார்கள். இன்ஜின் பிரிக்கிற நிலைமை வந்த பிறகுதான் அந்தப் பறத்தலுக்கு என்ன விலை என்று தெரியும். அந்த நிலைமை வராமல் ஒரு வண்டியைக் காப்பாற்ற முடிந்தது. எப்படித் தேடினோம், எதைப் பார்த்து எதை ஒதுக்கினோம் என்று விவரமாக எழுதுகிறேன். இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு உதவட்டும்.

எங்கள் பட்டறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. வருவதில் பெரும்பாலானவை டீசல். அதனால் டர்போ எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பெட்ரோல் டர்போவை மாடிஃபை செய்து ஓட்டுகிற பையன்கள் சமீப வருஷங்களில்தான் கூடியிருக்கிறார்கள். ஆக்டேவியா, லாரா, லீனியா டி-ஜெட், போலோ என்று வருகின்றன. டீசலில் பூஸ்ட் கொஞ்சம் கூடினால் இன்ஜின் ஓரளவு தாங்கும். பெட்ரோலில் அந்த இடமே கிடையாது. காற்று கூடக் கூட சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறி, பிளக் போட்ட நெருப்பு முழுதாகப் பரவுவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். நாக்கிங் என்பது அதுதான். கத்திரி வெயிலில், இன்டேக்கில் நுழையும்போதே காற்று கொதிக்கிற நம் ஊரில் அது இன்னும் சீக்கிரம் வரும்.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்கிற குடும்பத்துத் தம்பி ஒருவருடையது. பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் ஆக்டேவியா. கம்பெனி கணக்குப்படி 150 குதிரைத்திறன். கேரளாவில் இரண்டாம் கையாக வாங்கியது, வாங்கும்போதே இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை (மேப்) மாற்றி ரீமேப் செய்யப்பட்டிருந்தது. அதற்கு மேல் இவர் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மூன்று அங்குல டவுன்பைப், கூம்பு ஃபில்டர், டாஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீட்டர் எல்லாம் போட்டிருந்தார். டவுன்பைப் போட்ட பிறகுதான் குறை ஆரம்பித்தது.

"மூணாம் கியர்ல நல்லா அமுத்துனா ஒரு அளவுக்கு மேல சடார்னு இழுவை செத்துப் போயிருதுண்ணே. சாவிய அணைச்சுத் திரும்பப் போட்டாத்தான் பழையபடி வருது. அதுக்காக ஒருத்தர்ட்ட காட்டுனேன். இப்பொ அந்த வெட்டு இல்ல, ஆனா ஒரு கிணுகிணுப்பு கேக்கு."

எங்களிடம் வருவதற்கு முன்னால் காயில் மாற்றியிருக்கிறார்கள், பிளக் மாற்றியிருக்கிறார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றியிருக்கிறார்கள். எதற்கும் அடங்கவில்லை. கடைசியாகப் பார்த்தவர் கம்ப்யூட்டரில் பூஸ்ட் எல்லையை உயர்த்திவிட்டார். அதனால்தான் வெட்டு நின்றது. இதைக் கேட்டதும் எனக்குப் பதறிவிட்டது. அந்த வெட்டு இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வைத்த பூட்டு. கேட்ட அளவை விட உண்மையான பூஸ்ட் கூடிப்போனால் இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், காற்று நுழையும் த்ராட்டிலை மூடும், பூஸ்ட் கட்டுப்பாட்டையும் விட்டுவிட்டுக் குறைந்தபட்ச அழுத்தத்தில் ஓட்டும். இந்த வண்டியில் அதற்குப் பதிவாகும் பிழைக் குறியீடு பி1557. பொதுவான ஸ்கேனரில் பி0234 என்று வரும் ஓவர்பூஸ்ட் குறியீடும் இதே விஷயத்தைத்தான் சொல்லும். அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் நோய் அப்படியேதான் இருக்கும், எச்சரிக்கிற ஆள் மட்டும் இருக்க மாட்டான். யாராவது உங்கள் வண்டிக்கு இதைச் செய்து தருகிறேன் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

டர்போ எப்படிக் கட்டுக்குள் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்துக்கு மறுகால் எப்படியோ டர்போவுக்கு வேஸ்ட்கேட் அப்படி. சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை டர்பைனைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. வேண்டிய அழுத்தம் வந்ததும் டர்பைன் பக்கம் ஒரு சின்ன மூடி திறந்து, மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் நேரே சைலன்சருக்குத் தள்ளிவிட வேண்டும். மூடி திறக்கவில்லை என்றாலோ, திறந்தும் வழி போதவில்லை என்றாலோ டர்பைன் வேகம் ஏறிக்கொண்டே போகும். 2023 டிசம்பரில் நம் குளக்கரைகள் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூடியைத் திறப்பது ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு டயாபிரம், அதிலிருந்து வெளியே ஒரு ராடு. கம்ப்ரஸர் வாயிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக அழுத்தம் வந்து டயாபிரத்தைத் தள்ளினால் ராடு நகர்ந்து மூடி திறக்கும். நடுவில் என்-75 என்று ஒரு சோலனாய்டு வால்வு. அதில் மூன்று வாய்: ஒன்று கம்ப்ரஸரிலிருந்து, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, ஒன்று ஃபில்டர் பக்கத்து இன்டேக்குக்கு. இசியு அதற்குக் கரண்ட் கூட்டிக் கொடுத்தால் அழுத்தத்தில் ஒரு பகுதி இன்டேக்குக்குத் திரும்பிவிடும். ஆக்சுவேட்டருக்குக் குறைவாகப் போகும், மூடி சாத்தியபடி இருக்கும், பூஸ்ட் ஏறும். கரண்டே இல்லையென்றால் அழுத்தம் முழுவதும் ஆக்சுவேட்டருக்குப் போகும். ஸ்பிரிங் எவ்வளவு தாங்குமோ அந்த அளவில் பூஸ்ட் நின்றுவிட வேண்டும். இந்த ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கரண்டைப் பிடுங்கினால் பூஸ்ட் விழுந்தாக வேண்டும். விழவில்லை என்றால் குற்றம் கம்ப்யூட்டரில் கிடையாது.

ஆகவே பூஸ்ட் கூடுகிறது என்று வரும் வண்டியிடம் நாங்கள் கேட்பது மூன்று கேள்வி. கம்ப்யூட்டரே அதிகமாகக் கேட்கிறதா? கேட்டது சரிதான், ஆனால் 'திற' என்ற சேதி ஆக்சுவேட்டருக்குப் போய்ச் சேரவில்லையா? சேதி போய் மூடி திறந்தும் புகை வெளியேற வழி போதவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பார்க்கிற ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பணம்தான் போகும்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. நாக்கிங் நடந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதோடு வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் பிஸ்டன் அலுமினியமே உருகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதில் அது இல்லை. சிலிண்டருக்குள் காமிரா விட்டுப் பார்த்தோம், கம்ப்ரஷன் எடுத்தோம். நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. தம்பிக்கு நல்ல நேரம். அதுவரைக்கும் வண்டியை முழு மிதி மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். இதை எல்லோருக்கும் சொல்கிறேன். 'இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்' என்று தோன்றும். அந்த ஒரு தடவைதான் பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பை உடைக்கும்.

தம்பியின் போனில் முன்னால் எடுத்த லாக், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பதிவின், படம் ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் 'பூஸ்ட் ஒரே நிலையில நிக்குது, பயப்படாதே' என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தால் பூஸ்ட் கோடு மேலே ஏறி, 2550 மில்லிபாரில் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் மட்டமாகப் போகிறது. உண்மையான பூஸ்ட் எந்த வண்டியிலும் அப்படி நிற்காது, சின்ன நடுக்கமாவது இருக்கும். இந்த வண்டியின் பிரஷர் சென்சாரால் அதற்கு மேல் படிக்க முடியாது. அதனால்தான் கோடு மட்டமானது. அதற்கு மேல் எவ்வளவு போனது என்று கம்ப்யூட்டருக்கே தெரியாது.  டாஷ்போர்டு மீட்டரில் முள் 1.7 பார் வரை போனதாகத் தம்பி சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் நிலைமை புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். லாக்கில் வருவது காற்று மண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தமே சுமார் 1013 மில்லிபார். நம் ஊரில் அதை விடச் சற்றுக் குறைவு. டாஷ்போர்டு மீட்டர் அதற்கு மேல் ஏறுவதை மட்டும் காட்டும். லாக்கில் 2000 என்றால் மீட்டரில் ஏறக்குறைய 1. 'லாக்கில் 2 பார் காட்டுது, டர்போ போச்சு' என்று பதறி வந்தவர்களும் உண்டு.

முதலில் பழைய, பூட்டு எடுக்காத மேப்பைத் திரும்ப ஏற்றினோம். பிறகு விசிடிஎஸ் என்ற லேப்டாப் ஸ்கேனர் மென்பொருளை வைத்து மூன்று அளவீட்டுக் குழுக்களைப் பதிவு செய்தோம். 115-ல் இசியு கேட்கும் பூஸ்ட்டும் உண்மையில் வரும் பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 118-ல் என்-75க்கு எவ்வளவு சதவீதம் கரண்ட் போகிறது என்று தெரியும். 020-ல் நாக்கிங்குக்காக ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் (பிளக் நெருப்புப் போடும் நேரம்) எத்தனை டிகிரி பின்னால் இழுக்கப்படுகிறது என்று வரும். இந்த மூன்றும் இல்லாமல் வெறும் பூஸ்ட் மீட்டரைப் பார்த்து ரோக நிர்ணயம் செய்ய முயலாதீர்கள்.

ஓட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்குநேரி தாண்டி வள்ளியூர்ப் பக்கம் நான்கு வழிச்சாலை நேராகக் கிடக்கிறது என்பதற்காக அங்கே இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஆடு குறுக்கே வரும், எதிர்த் திசையில் பைக் வரும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அந்தப் பக்கம் வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். இந்த வண்டியில் மூணாம் கியரில் 4500 ஆர்பிஎம் வரும்போதே வேகம் நூறை நெருங்கிவிடும். சாலையில் அதோடு நிறுத்திக்கொண்டோம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லேப்டாப்பைப் பார்ப்பது. ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. அதற்கு மேல் பார்க்க வேண்டியதைக் கடைசியில் கோயம்புத்தூரில் டைனோவில், அதாவது வண்டியை உருளை மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் கருவியில், ஏற்றிப் பார்த்தோம்.

முதல் லாக்கில் இரண்டு விஷயம் தெரிந்தது. 3000 வாக்கில் பூஸ்ட் ஒரு முட்டு முட்டி, கேட்டதை விட மேலே போய், கொஞ்சம் இறங்குகிறது. அதற்குப் பிறகு ஆர்பிஎம் ஏற ஏறக் கோடும் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஓட்டியது பாதி மிதியில்தான். இருந்தும் டைமிங் எட்டு ஒன்பது டிகிரி வரை பின்னால் போயிருந்தது. முட்டு வேறு, ஏற்றம் வேறு. ஒரே வண்டியில் இரண்டும் இருந்தால் இரண்டு காரணம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் பட்டறையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர். நாங்கள் அண்ணாச்சி என்போம். லேப்டாப் பக்கமே வரமாட்டார். ஹோஸைத்தான் தடவிக்கொண்டே போவார். டாஷ்போர்டு மீட்டருக்கு எங்கிருந்து இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று தேடியவர், என்-75க்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் 'டீ' இருப்பதைக் காட்டினார்.

"ஆக்சுவேட்டர் ஹோஸ்ல யாரும் கை வைக்கப்பிடாதுடே. இதுல ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அந்த மூடிக்குச் சேதி முழுசாப் போகாது."

ஹேண்ட் பம்பில் லேசாக அழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினோம். டீயின் கழுத்தில் நுரை கட்டியது. டர்போவுக்கு இவ்வளவு பக்கத்தில், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போய் முடி கனத்துக்கு ஒரு விரிசல். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டுப்படும். அந்த விரிசலில் கசிந்த அழுத்தம் போக மிச்சம்தான் டயாபிரத்துக்குப் போயிருக்கிறது. மூடி தாமதமாகத் திறந்ததற்கும், 3000-ல் அந்த முட்டு வந்ததற்கும் அதுதான் காரணம்.

டீயை எடுத்துவிட்டு, உள்விட்டம் 4 மில்லிமீட்டர் சிலிக்கோன் ஹோஸை நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாகப் போட்டோம். இரண்டு முனையிலும் கிளிப். மீட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தனியாக இணைப்பு கொடுத்தோம். இந்த ஹோஸை நீளமாக விட்டுச் சுருட்டி வைக்காதீர்கள். நீளம் கூடினால் அழுத்தம் போய்ச் சேரத் தாமதமாகி முட்டு கூடும். பெட்ரோல் டியூப், மீன்தொட்டி டியூப் என்று கையில் கிடைத்ததை மாட்டுவதும் வேண்டாம். சூட்டில் இளகி ஒரு நாள் கழன்றுவிடும். அது கழன்றால் மூடி திறக்கவே திறக்காது.

அடுத்த லாக்கில் முட்டு போய்விட்டது. ஏற்றம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது 118-வது குழுவைப் பார்த்தேன். பூஸ்ட் ஏற ஏற என்-75க்குப் போகும் சதவீதம் விழுந்துகொண்டே வந்து கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இசியு தன்னால் முடிந்த அளவு 'திற, திற' என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பூஸ்ட் ஏறுகிறது. இந்த ஒரு வரிசை எண்களைப் பார்த்தால் மேப் குற்றமா, இயந்திரக் குற்றமா என்று தெரிந்துவிடும். பூஸ்ட் எல்லை தாண்டும்போதும் சதவீதம் உயரத்திலேயே இருந்தால் மேப் போட்டவரிடம் பேச வேண்டும். சதவீதம் விழுந்தும் பூஸ்ட் ஏறினால் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ள என்-75ன் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டினோம். ஸ்பிரிங் அளவில், அதாவது மீட்டரில் அரை பார் பக்கம் நிற்க வேண்டியது, 4500-க்குள் 0.9 தொட்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு என்-75ஐயே ஒதுக்கிவிட்டுக் கம்ப்ரஸரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஹோஸ் போட்டோம். அப்போதும் அதே. வால்வு சிக்கிக்கொண்டிருக்குமோ என்ற சந்தேகமும் அதோடு தீர்ந்தது. வால்வை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் மல்டிமீட்டரில் சுமார் 25 முதல் 35 ஓம் காட்ட வேண்டும், 12 வோல்ட் தொட்டால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். மூன்று வாயில் ஹோஸ் மாறி மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாரோ கழற்றி மாற்றி மாட்டி, அதனால் மட்டுமே பூஸ்ட் எகிறிய வண்டியையும் பார்த்திருக்கிறோம்.

இனி மிஞ்சியது ஆக்சுவேட்டரும் மூடியும். ஆக்சுவேட்டரைச் சோதிக்கக் கம்ப்ரஸர் காற்றை நேரே கொடுக்காதீர்கள். பட்டறைக் கம்ப்ரஸரில் இருக்கும் அழுத்தம் டயாபிரத்தைக் கிழித்துவிடும். மீட்டர் வைத்த ஹேண்ட் பம்ப் போதும். 0.4 பாரில் ராடு நகர ஆரம்பித்தது. பம்பை நிறுத்தி வைத்தால் முள் இறங்கவில்லை, ஆகவே டயாபிரம் நல்லதுதான். ஆனால் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் ராடு மூன்று மில்லிமீட்டர் வந்து நின்றுவிட்டது. குறைந்தது இரண்டு மடங்காவது வர வேண்டும். ராடின் கொக்கியைக் கழற்றிவிட்டு மூடியின் கையை விரலால் ஆட்டிப் பார்த்தோம். துருப் பிடித்து இறுகியிருந்தால் தொடக்கத்திலிருந்தே உரசலாக, கனமாக நகரும். இது எளிதாக நகர்ந்து, திடீரென்று 'டக்' என்று இரும்பில் முட்டியது. எதிலோ இடிக்கிறது.

டவுன்பைப்பைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. நட்டுகள் சூட்டில் வெந்து இறுகியிருக்கும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்து, காலையில் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்தோம். அவசரப்பட்டால் ஸ்டட் முறியும், அதை எடுக்க ஒரு நாள் போகும்.

பைப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் அண்ணாச்சி. டர்போவோடு சேரும் ஃபிளாஞ்சின் உள்பக்கம் முழுக்கக் கரி. அந்தக் கரியில் ஒரே ஓர் இடத்தில், உள்விளிம்பில், பிறை மாதிரி நகக்கண் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தெரிந்தது. மூடி ஒவ்வொரு தடவையும் திறந்து வந்து இடித்து இடித்துத் துலக்கிய இடம்.

"இங்க பாருடே. மூடி பாதி தொறந்ததும் இதுல வந்து இடிக்கு. அது பாவம், என்ன செய்யும்?"

கம்பெனி பைப்பில் மூடி விரிந்து வருவதற்கு அந்த இடத்தில் குழிவாக இடம் விட்டிருப்பார்கள். இந்தப் பைப்பைச் செய்தவர் விளிம்பை வட்டமாக வெட்டி, உள்ளே வெல்டிங் பூச்சையும் தேய்க்காமல் விட்டிருந்தார். பேக்கிங்கின் ஓட்டையும் ஃபிளாஞ்சை விடச் சற்றுச் சிறியது, ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பைப்பின் அகலம் மூன்று அங்குலம் இருந்து என்ன பயன்? மிஞ்சிய புகை வெளியேற வேண்டிய வாசல் பாதிதான் திறந்தது. அதே நேரம் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய், பின்னால் எதிர்ப்பு குறைந்ததால் டர்பைன் முன்னைவிட எளிதாகச் சுற்றியது. தள்ளிவிட வேண்டிய புகை கூடியது, தள்ளிவிடும் வழி குறைந்தது. பூஸ்ட் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறியது இதனால்தான்.

லேத் பட்டறையில் கொடுத்து விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, வெல்டிங் மேட்டை மழித்து எடுத்தோம். போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகள் பொம்மை செய்யும் களியை மூடியின் முதுகில் கொஞ்சம் ஒட்டி, பைப்பை மாட்டி நட்டைக் கையால் இறுக்கி, பம்பால் மூடியை முழுவதும் திறந்து மூடினோம். திரும்பக் கழற்றிப் பார்த்தால் களியில் ஓர் ஓரம் நசுங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தோம். களி நசுங்காமல் வந்த பிறகுதான் புதுப் பேக்கிங் வெட்டி, ஓட்டையைச் சரிபார்த்து, கடைசியாக இறுக்கினோம். சோதனை முடிந்ததும் களியை ஒரு துணுக்கு விடாமல் துடைத்து எடுக்க வேண்டும்.

இந்த நிலையில் குறுக்குவழிகள் சிலவற்றைச் சொல்வார்கள். ஒன்று, ஆக்சுவேட்டர் ராடை நீட்டி ஸ்பிரிங் இழுப்பைக் குறைப்பது. பூஸ்ட் கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் மூடி எப்போதும் சரியாகச் சாத்தாமல் தொங்கும், தொடக்க இழுவை போகும், மூடி அதிர்ந்து, தான் உட்காரும் விளிம்பைத் தின்னும். இடிக்கிற மூடியை இது குணப்படுத்தவும் செய்யாது. ராடைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் பெயிண்டால் அடையாளம் வைத்து, எத்தனை மரை வெளியே இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேஸ்ட்கேட் ஓட்டையையே தேய்த்துப் பெரிதாக்குவது. பூஸ்ட் ஏற்றத்துக்கு அது முறையான வைத்தியம்தான், வேறு வழியில்லாத வண்டிகளில் செய்கிறார்கள். ஆனால் மூடி உட்காரும் விளிம்பு மெலிந்துவிட்டால் பிறகு புகை கசிந்துகொண்டே இருக்கும். டர்போவைக் கழற்றித்தான் செய்ய வேண்டும், உள்ளே ஒரு துகள் விழுந்தாலும் டர்பைன் போய்விடும். முதலில் மூடி முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் அங்கே போவது சரியில்லை என்பது என் எண்ணம். மூன்றாவது, சைலன்சரில் எதையாவது அடைத்து எதிர்ப்பைக் கூட்டுவது. புகைச் சூடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வைத்தான் சுடும். அதை நாங்கள் செய்வதில்லை.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் பற்றித் தம்பியிடம் உட்கார்ந்து பேசினேன். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுக்கிறது. விபத்து ஏதும் நடந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். ஊர்க்காற்றை நாம்தான் சுவாசிக்கிறோம் என்பது எல்லாவற்றுக்கும் மேல். தாராளமாகப் புகை போகும் வகைக் கன்வர்ட்டர் ஒன்றைப் பைப்பில் வைத்து வெல்டிங் செய்தோம். எதிர்ப்பு கொஞ்சம் திரும்பி வந்ததில் பூஸ்ட் ஏற்றமும் இன்னும் சற்று அடங்கியது.

மறுபடி என்-75 கரண்டைப் பிடுங்கி ஓட்டினோம். அரை பார் தொட்டு நின்றது. ஆர்பிஎம் ஏறியும் நகரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் கரண்டைத் திரும்ப மாட்டினேன். மேப்பில் இலக்கைச் சுமார் 1 பார் என்று அடக்கமாக வைத்து, ஓவர்பூஸ்ட் பாதுகாப்பு முழுவதையும் அப்படியே விட்டோம். டைனோவில் 6000 வரை ஏற்றியபோது நடுவில் கேட்டதும் வந்ததும் ஒட்டிக்கொண்டே போயின, மேலே போகப் போகப் பூஸ்ட் தானாகக் கொஞ்சம் இறங்கியது. இந்தச் சின்ன டர்போவுக்கு அதுதான் இயல்பு. மேல் ஆர்பிஎம்மில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். டைமிங் பின்னிழுப்பு இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டது. பெட்ரோலில் எக்ஸ்பி 95 போன்ற உயர் ஆக்டேன் வகை மட்டும் போடச் சொன்னேன்.

இலக்கை அடக்கமாக வைத்ததில் தம்பிக்கு முதலில் கொஞ்சம் மனக்குறைதான். அவரிடம் சொன்ன காரணத்தை இங்கேயும் சொல்கிறேன். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், புகையும் கூடும், வேஸ்ட்கேட் மேல் சுமை கூடும். சித்திரை வெயிலில் எல்லைக்குள் நின்ற வண்டி, மழை விட்ட மார்கழிக் காலையில் எல்லையைத் தொடலாம். கோடையில் விளிம்பு வரை மேப் போட்டுக்கொண்டால் குளிரில் வெட்டு திரும்ப வரும். மார்கழியில் அவரை வரச்சொல்லித் திரும்ப லாக் எடுத்தேன், இலக்கைத் தாண்டவில்லை.

இப்போது யார் டவுன்பைப் கொண்டுவந்தாலும் மாட்டும் முன் பேக்கிங்கை அதன் மேல் வைத்து ஓட்டை ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். பழைய பைப் இருக்கும்போதே ஹேண்ட் பம்பில் ராடு எத்தனை மில்லிமீட்டர் வருகிறது என்று அளந்து சுவரில் எழுதிவிடுகிறோம். புதுப் பைப் மாட்டிய பிறகு அதே அழுத்தத்தில் அதே அளவு வர வேண்டும். குறைந்தால் வண்டி ராம்ப்பிலிருந்து இறங்காது.